கணினித்திரை ஆசிரியரும் நன்னூல் அளவுகோலும்

பல்கலைக் கழகங்களில் தொழில்நுட்பப் பாடங்களை இணையத்தின் வழியே கற்பிக்கும் முறை இன்று புதுமையன்று. விரிவுரையை ஒளிப்பதிவாக்கி ஏற்றுகின்றனர். பயிற்சி வினாக்களை இணையத்திலேயே வினவி, அங்கேயே திருத்துகின்றனர். மின்சுற்றைத் திரையில் வரைந்து திரையிலேயே இயக்கிக் காட்டுகின்றனர். இம்முறையைப் புகழ்வோர், இனி வகுப்பறையே வேண்டா என்பர். இகழ்வோர், இது கல்வியே அன்று என்பர். எதை அளவுகோலாகக் கொண்டு இம்முடிவுக்கு வந்தனர் என்பதை இரு சாராரும் சொல்வதில்லை. அளவுகோல் இல்லாத புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஆராய்ச்சி ஆகா.

"இது பொறியியலாரின் சிக்கல், தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் பினாங்கு மாநிலத்தை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு கேட்கமாட்டார். மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் 1969 இல் தோன்றியது. 1971 லேயே தொலைக்கல்வியைத் தொடங்கியது. அதன் பொறியியல் வளாகம் 2001 முதல் நிபோங் திபால் வட்டாரத்தில், தோட்டங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. ஜார்ஜ் டவுனைத் தலைமையிடமாகக் கொண்ட வாவாசான் திறந்த பல்கலைக் கழகம், வேலை பார்த்துக்கொண்டே படிப்போர்க்காக 2007 இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. 1972 முதல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 2014 இல் திறந்த இரண்டாம் பாலம் பத்து காவானில் வந்து இறங்குகிறது. தோட்டமாயிருந்த அவ்விடம் இன்று தொழிற்பேட்டை. தோட்டத்துப் பிள்ளை அத்தொழிற்சாலையில் பொறிமுன் நின்று பொத்தானை அழுத்துபவனாக நுழைவானா, அப்பொறியை அமைப்பவனாக நுழைவானா என்பதை முடிவு செய்வது தொழில்நுட்பக் கல்வியே. அக்கல்வி இன்று பெரும்பகுதி இணையவழி வருகிறது. ஆதலின் அதன் தரத்தை ஆராய்வது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் கடமையாகும்.

அளவுகோலைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் அது கிடைக்கிறது. ஒரு பாடத்தை ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்டால் பிழை நீங்கும். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து பிறர்க்குச் சொல்லும் நிலை வரும் என்பது அங்கே கூறப்படும் ஒரு கருத்து. மற்றொரு கருத்து இதனினும் கூர்மையானது. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கினாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கும் தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைப்பதால் நிறைவுறும் என்பது. பாடம் சொல்பவர் கொள்வோனின் ஆற்றலை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு சொல்ல வேண்டும் என்பதும் அந்நூலின் கொள்கை. இவற்றை நாம் பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் மனனம் செய்தோம், தேர்விலும் எழுதினோம். இன்று இவற்றைக் கருவியாகக் கொண்டு இணையவழிப் பாடத்தை அளந்து பார்ப்போம்.

முதலில் கேள்வி. இதில் இணையவழிப் பாடம் வகுப்பறையை வென்றுவிடுகிறது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை எல்லார்க்கும் இலவசமாகத் திறந்துவிடுவதாக 2001 இல் அறிவித்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003 இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தின் பயனாகப் பொறியியலின் பெரும்பாலான கிளைகளுக்கும் விரிவுரைகள் இன்று கிடைக்கின்றன. சென்னையில் ஒரு பேராசிரியர் நடத்திய பாடத்தைச் சுங்கை பக்காப்பில் இருக்கும் மாணவர் இரவு பதினொரு மணிக்குக் கேட்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தலாம். மூன்றாம் முறையும் கேட்கலாம். விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேரிடையே அமர்ந்திருக்கும் மாணவர் கையை உயர்த்தி, "ஐயா, மறுபடியும் சொல்லுங்கள்" என்று மூன்றுமுறை கேட்க முடியுமா?

நம் பிள்ளைகளுக்கு இவ்வுதவி பிறரினும் மிகுதியாகத் தேவை. அவர்கள் ஆறாண்டு தமிழில் படிக்கின்றனர். பிறகு இடைநிலைப் பள்ளியில் மலாய். மலாய் போதாதவர்க்கு இடையே ஓராண்டு புகுமுக வகுப்பு. பல்கலைக் கழகத்தில் தொழில்நுட்பப் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளியிலும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டன. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. இவ்வாறு மொழி மாறி மாறி வந்த பிள்ளைக்குக் கருத்து விளங்காமற் போவதில்லை; வாக்கியம் கடந்து போய்விடுகிறது. கடந்து போன வாக்கியத்தைத் திரும்ப அழைக்கும் வசதி அவனுக்குப் பெருந்துணை. எனவே கேள்வி என்னும் கால் பங்கில் இணையவழிப் பாடத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இனி அடுத்த பங்குகள். இங்கே சில உண்மை நிகழ்ச்சிகளை நோக்குவோம். 2012 இல் மாசச்சூசெட்ஸ் கழகம் மின்சுற்று, மின்னணுவியல் ஆகியவற்றின் முதற்பாடத்தை இணையத்தில் உலகுக்கெல்லாம் நடத்தியது. நடத்தியவர் ஆனந்த் அகர்வால். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்றவர். பெயர் பதிந்தோர் 1,54,763 பேர். தேறிச் சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் கணக்கில் சேர்ப்பது முறையன்று என்பர், அது நியாயமே. ஆயினும் இடையில் நின்றவர்களுள் வேடிக்கை பார்க்க வந்தவர் யார், விளங்காமல் நின்றவர் யார் என்று பிரித்தறிய ஒருவரும் அங்கே இல்லை. நம் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறோம். ஒன்றரை இலட்சம் பேர் வகுப்பில் யார் வீட்டுக்கு யார் ஆள் அனுப்புவது?

அதே பாடம் அதே ஆண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாவிலுள்ள சான் ஓசே மாநிலப் பல்கலைக் கழகத்தில் வேறு வகையாகப் பயன்பட்டது. மாணவர் விரிவுரைப் பதிவை வீட்டில் பார்த்துவிட்டு வந்தனர். வகுப்பு நேரத்தில் தம் பேராசிரியர் முன்னிலையில், சிறு குழுக்களாக அமர்ந்து கணக்குகளைப் போட்டனர். முன்னர் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் தேறிய பாடத்தில் அவ்வகுப்பில் 91 விழுக்காட்டினர் தேறினர். ஒரு வகுப்பின் முடிவைக் கொண்டு உலக நியதி வகுத்தல் கூடாது. எனினும் அது காட்டும் திசை தெளிவானது.

அப்பல்கலைக் கழகமே 2013 சனவரியில் வேறொரு நிறுவனத்தோடு கூடி, அடிப்படைக் கணிதப் பாடங்களை முற்றும் இணையவழியே நடத்தத் தொடங்கியது. அங்கே கணிதப் பாடங்கள் இரண்டில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. சேர்ந்த உயர்நிலைப் பள்ளி மாணவருள் சிலர்க்கு வீட்டில் கணினியே இல்லை என்பது பிறகே தெரிந்தது. அவ்வாண்டு சூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கோடைக்காலச் சுற்றில் தேர்ச்சி உயர்ந்தது உண்மை. ஆனால் அச்சுற்றில் சேர்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்பே பட்டம் பெற்றவர்கள். ஒரே பல்கலைக் கழகம். ஓராண்டுக்குள் நடந்த இரு சோதனைகள். இரு வேறு முடிவுகள். பாடமும் மாணவரும் வேறு ஆதலின் இரண்டையும் நேர் எதிராக நிறுத்த இயலாது. ஆயினும் முதலாவதில் உடன்பயில்வோரும் அருகில் ஓர் ஆசிரியரும் இருந்தனர். இரண்டாவதில் அவர்கள் திரைக்கு அப்பால் போய்விட்டனர். பவணந்தியார் கணக்கில் இது வியப்பன்று.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. அகர்வால் நடத்திய அதே மின்சுற்றுப் பாடத்தில் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து பதினைந்து வயது மாணவன் ஒருவன் முழு மதிப்பெண் பெற்றான். "பார்த்தீர்களா, இணையம் எங்கிருந்தும் மேதையைக் கண்டெடுக்கிறது" என்று ஏடுகள் எழுதின. அப்பள்ளியின் தலைமையாசிரியர் மாசச்சூசெட்ஸ் கழகத்திலேயே படித்தவர் என்பதையும், அவர் ஏற்பாட்டால் அமெரிக்காவிலிருந்து ஒரு பட்ட மாணவர் பெட்டிகளில் மின்னணுக் கருவிகளைச் சுமந்து வந்து பிள்ளைகளோடு இருந்து பயிற்சி கொடுத்தார் என்பதையும் படித்தவர்களுள் எத்தனை பேர் நினைவில் வைத்தனர்? மேதைமை பையனுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் பாடம் இணையத்தில் வந்தது, கருவி பெட்டியில் வந்தது, கவலை தலைமையாசிரியரிடமிருந்து வந்தது. மூன்றில் ஒன்றை மட்டும் கண்டு மகிழ்வது திறனாய்வு ஆகாது.

கருவியைப் பற்றிச் சொன்னோம். தொழில்நுட்பப் பாடம் இலக்கண நூற்பா அன்று. கையால் செய்து அறிய வேண்டியது. திரையில் வரையும் சுற்றில் கம்பி தளர்வதில்லை. ஈயம் பற்றாமல் விடுவதில்லை. மின்தேக்கியின் முனையை மாற்றிப் பொருத்தினால் வெடித்து நாற்றம் எழுவதில்லை. திரை தரும் விடை எப்போதும் கணக்குப்படியே வரும். மெய்யான மேசைமேல் விடை கணக்கோடு ஒத்துவராது. ஏன் வரவில்லை என்று தேடுவதே பொறியியல். திரைப் பயிற்சியை முதற்படியாகக் கொள்வதில் குற்றமில்லை; உயர் மின்னழுத்தம் போன்ற இடர் மிக்க சோதனைகளுக்கு அது பாதுகாப்பும் ஆகும். அதனையே கடைசிப்படியாகக் கொண்டால், நீந்தும் முறையைப் படத்தில் பார்த்தவனை ஆற்றில் இறக்கிய கதையாக முடியும்.

அரைப் பங்குக்கு வருவோம், பிறர்க்கு எடுத்துரைப்பது. இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். இன்று உலகின் பல பல்கலைக் கழகங்கள் இணையவழிக் கற்பித்தலுக்கு மூடல் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. நம் பினாங்கிலும் அது வழக்கில் உள்ளது. அதனை 2002 இல் வெளியிட்ட மார்ட்டின் டுகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் வளர்ந்தவர். சிறு வயதில் வானொலி வழியே பள்ளிப்பாடம் பெற்றவர். தொலைவிலிருந்து படிக்கும் பிள்ளையின் தனிமை இன்னதென்று அவர் அறிவார். ஆதலின் மாணவர் தம்முள் உரையாடவும், ஒருவர் செய்ததை மற்றவர் மதிப்பிடவும், எல்லாரும் சேர்ந்து ஒரு சொற்களஞ்சியம் தொகுக்கவும் அக்கருவியில் வழி வகுத்தார். நாம் செய்வதென்ன? பல இடங்களில் அதனைப் பாடக்குறிப்புகளை அடுக்கிவைக்கும் பண்டகசாலை ஆக்கிவிட்டோம். மாணவர் குறிப்பை இறக்கிக்கொள்கிறார், வினாவுக்குப் பொத்தானை அழுத்துகிறார், போய்விடுகிறார். எத்தனை முறை உள்ளே வந்தார் என்று கருவி எண்ணிக் காட்டுகிறது. எத்தனை பேர்க்கு விளக்கினார் என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணுவதற்கு எளிதானதே கல்வி என்று கொண்டால், அரைப் பங்கு கணக்கிலிருந்தே விழுந்துவிடும்.

நம் பயிற்சிக் கல்லூரிகளில் பாடக்குறிப்பு எழுதும்போது ஆசிரியர் செய்வது யாது, மாணவர் செய்வது யாது என்று தனித்தனிப் பத்தியாகப் பிரித்து எழுதப் பழக்குவர். மாணவர் பத்தி வெறுமையாயிருந்தால் குறிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவர். இணையத்தில் உள்ள விரிவுரைகள் பலவற்றில் அந்தப் பத்தி வெறுமை. விதிவிலக்காகப் பாராட்டத்தக்கது பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய பேசும் பாடத் திட்டம். கணினி மொழிகளையும் கட்டற்ற மென்பொருள்களையும் ஏறத்தாழப் பத்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்திருக்கின்றனர். திரையில் தோன்றுவது ஒரு பத்தியிலும் சொல்வது ஒரு பத்தியிலுமாக முதலில் எழுத்துப்படி அமைக்கின்றனர். பொருளறியாத புதியவர் ஒருவரிடம் அதனைக் கொடுத்து, அவரால் பின்பற்ற முடிகிறதா என்று சோதித்த பின்னரே பதிவு செய்கின்றனர். கற்பவர் ஒரு பக்கம் பாடத்தை ஓடவிட்டு, மறுபக்கம் அதே செயலைத் தாமும் செய்து பார்க்க வேண்டும். கொள்வோனின் ஆற்றலை அறிந்து சொல்லுதல் என்னும் கொள்கைக்குப் பதிவுப் பாடத்தில் இதனினும் நெருங்கி வருதல் அரிது.

அத்திட்டத்தில் தமிழர்க்குச் சிறப்பாக உரிய செய்தி ஒன்றுண்டு. திரையில் ஆங்கிலம் அப்படியே இருக்க, குரலை மட்டும் தமிழ் முதலிய இந்திய மொழிகளில் பெயர்த்திருக்கின்றனர். வேலைக்குச் செல்லும் இடத்தில் காணப்போவது ஆங்கிலத் திரையே ஆதலால், கண்ணுக்கு ஆங்கிலமும் செவிக்குத் தாய்மொழியும் என்பது அவர்கள் முறை. இதன் பயன் பெரிது. குறையும் உண்டு. கலைச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கில ஒலியிலேயே நின்றுவிடுகின்றன. வினைமுற்று மட்டும் தமிழாய் இருந்தால் வாக்கியம் தமிழாகிவிடுமா? இதற்காகப் பெயர்த்தோரைக் குறைகூறுவது எளிது. நம் பக்கத்தில் உள்ள குறையையும் எண்ணுவோம். மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்பை மலாயில் ரிந்தாங்கான் என்பர், ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ், தமிழ்ப் பாடநூலில் மின்தடை. ஆனால் செய்தித்தாளில் மின்தடை என்றால் விளக்கு அணைந்துவிட்டது என்று பொருள். இவ்வாறு ஒரு சொல்லை இரு பொருளுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை ஏன் குழம்புகிறான் என்று கேட்பதில் பயனில்லை. மூன்று மொழிச் சொல்லையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, பொருளை எளிய தமிழில் ஒருமுறை விளக்கிவிட்டால், பிறகு அவன் எந்த மொழியில் கேட்டாலும் அஞ்சமாட்டான். சொல்லைக் காப்பதைக் காட்டிலும் பொருளைக் கொடுப்பதே முதற்கடமை. பொருள் நிலைத்த இடத்தில் சொல்லும் நிலைக்கும்.

தேர்வு முறையைப் பற்றியும் ஒரு சொல். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020 இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பாடமும் வாராந்தரப் பயிற்சியும் இணையவழி. முதன்மைத் தேர்வுகளோ மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டியவை. இது நல்ல நெறி. வீட்டிலிருந்து எழுதும் தேர்வில், எழுதியது யார் என்ற ஐயம் இருந்துகொண்டே இருக்கும். இன்று வினாவைக் கொடுத்தால் விடையை எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. சான்றிதழின் மதிப்புக் குறைந்தால் முதலில் அடிபடுபவர் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். சான்றிதழைத் தவிர வேறு துணையில்லாத ஏழைப் பிள்ளையே.

"ஆசிரியரும் குழுவும் கருவியும் வேண்டும் என்றால் இணையவழிக் கல்வியின் சிக்கனமே போய்விடுமே" என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை. ஆனால் சிக்கனம் யாருடையது என்று பார்க்க வேண்டும். 2020 மார்ச் 18 இல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, பல்கலைக் கழகப் பாடமெல்லாம் வீடுகளுக்கு வந்தது. அவ்வாண்டு சூனில் சபாவில் ஒரு மாணவி அலைவரிசை கிடைப்பதற்காக மரத்தின்மேல் ஏறித் தேர்வெழுதிய செய்தி உலகெங்கும் பரவியது. தோட்டப்புறங்களில் ஒரே கைப்பேசியை அண்ணன் விரிவுரைக்கும் தங்கை பள்ளிப்பாடத்துக்கும் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகளை நாம் அறிவோம். கட்டடச் செலவு நிறுவனத்துக்குக் குறைகிறது. அலைவரிசைச் செலவும் இடச் செலவும் மாணவர் வீட்டுக்கு மாறுகின்றன. செலவு குறையவில்லை; கைமாறியிருக்கிறது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? பல்கலைக் கழகங்கள் பாடம் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் திரைக்கு வராமல் நின்றுவிட்ட மாணவர் யார் என்று பார்த்து, அவர்களோடு தொலைபேசியில் பேச ஒருவரை அமர்த்த வேண்டும். கருவி அக்கணக்கைத் தானே வைத்திருக்கிறது. பார்ப்பதற்கு ஆள்தான் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் பருவத்துக்கு ஒருமுறையேனும் ஒரு பகுதியைத் தம் தோழர்க்கு விளக்கிக் காட்டுவதை மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகள் செய்யக்கூடியதும் உண்டு. பிற்பகலுக்குமேல் நம் பள்ளி மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. உரிய இசைவு பெற்று, வாரத்தில் ஒரு மாலை, இணையவழித் தொழில்நுட்பப் பாடம் படிக்கும் நம் பழைய மாணவர்க்கு அவற்றைத் திறந்துவிடலாம். நான்கைந்து பேர் கூடினாலே போதும். நல்ல அலைவரிசை, ஒரு நீண்ட மேசை, சில மின்னணு உறுப்புகள் அடங்கிய ஒரு பெட்டி ஆகியவை பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை அல்ல. அவ்வாரம் கேட்ட பாடத்தை ஒருவர் எழுந்து மற்றவர்க்குத் தமிழில் விளக்க வேண்டும் என்பதே அங்குள்ள ஒரே விதி. அறிவியல் ஆசிரியர் அருகில் அமர்ந்து கலைச்சொற்களை மும்மொழியில் குறித்துக்கொள்ளலாம். ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சன்னலருகே நின்று பார்த்தால் விரட்ட வேண்டா. அவர்களே அடுத்த அணி.

1816 இல் பினாங்கு பிரீ பள்ளியோடு இணைந்து ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதை இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் பிறப்பாகக் கொண்டாடுகிறோம். அதன் இருநூறாம் ஆண்டை 2016 இல் நினைவுகூர்ந்தோம். அந்நாள் தொட்டுப் பலகையும் பாடநூலும் வானொலியும் தொலைக்காட்சியும் நம் வகுப்புக்குள் வந்தன. ஒவ்வொன்றும் ஆசிரியர்க்குத் துணையாய் நின்ற இடத்தில் பயன் தந்தது. கணினித்திரையும் அவ்வாறே. நல்ல பேராசிரியரின் குரலை நம் பிள்ளையின் செவிக்குக் கொண்டுவரும் அரிய பணியை அது செய்கிறது. அதற்கு நன்றி பாராட்டுவோம். அவ்வளவில் கிடைப்பது கால் பங்கு. எஞ்சிய முக்கால் பங்குக்கு ஆட்கள் வேண்டும். அவ்வாட்களுள் நாமும் அடங்குவோம் என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்ப்பாராக.